சென்னையிலிருந்து ஹீத்ரோ: நேரடியாகவா, மாறிப் போவதா?

"காசு பார்க்காம டைரக்ட் ஃப்ளைட்டா போட்டுடு." லண்டனுக்கு யார் கிளம்பினாலும் எங்கள் சொந்தத்தில் முதலில் கிடைக்கும் அறிவுரை இதுதான். நானும் பல வருஷம் இதையேதான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் முதல்முறை என்னிடம் வந்தபோது, சென்னையிலிருந்து லண்டனின் ஹீத்ரோ விமான நிலையத்துக்கு எங்கும் நிற்காத விமானத்தில்தான் டிக்கெட் எடுத்தேன். அவர்கள் இருப்பது திருச்சி உறையூரில். மதியச் சாப்பாடு முடித்து, வீட்டைப் பூட்டி, காரில் ஏறினார்கள். விக்கிரவாண்டியில் ஒரு காபி, செங்கல்பட்டில் நெரிசல், மீனம்பாக்கத்தில் இரவு முழுக்க இரும்பு நாற்காலி. விமானம் தரையைவிட்டு எழும்பும்போதே பதினைந்து மணி நேரம் ஓடிப்போயிருந்தது. ஹீத்ரோவில் வெளியே வந்த அப்பாவின் வீங்கிய காலுக்குச் செருப்பு நுழையவில்லை. கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

அன்றைக்குத்தான் கணக்கை மாற்றிக்கொண்டேன். விமான நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு எத்தனை மணி நேரம் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இந்த வாசலிலிருந்து அந்த வாசல்வரை எத்தனை இடத்தில் பெட்டியை இறக்கி ஏற்ற வேண்டும், எத்தனை இடத்தில் வழி கேட்க வேண்டும் என்று எண்ண ஆரம்பித்தேன். அப்படி எண்ணினால் வேளச்சேரிக்காரருக்கு ஒரு விடை வரும், உறையூர்க்காரருக்கு வேறு விடை வரும், ஓசூர்க்காரருக்கு இன்னொன்று வரும்.

முதலில் ஒரு சொல் குழப்பம். 'டைரக்ட்' என்று டிக்கெட் தளத்தில் போட்டிருந்தால் எங்கும் நிற்காது என்று அர்த்தமில்லை. ஒரே விமான எண்ணில் நடுவில் ஓர் ஊரில் இறங்கி மறுபடி ஏறுவதும் விமானத் தொழிலில் டைரக்ட்தான். லண்டனிலிருந்து சிட்னிக்கு ஒரே எண்ணில் போகும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் சிங்கப்பூரில் இறங்கித்தான் போகிறது. நமக்கு வேண்டியது 'நான்-ஸ்டாப்'. தேடும்போது அந்த வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள்.

சென்னைக்கும் ஹீத்ரோவுக்கும் நடுவில் அப்படி நிற்காமல் போவது என்றால், சில வருஷங்களாகவே பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஒன்றுதான் கைக்கு எட்டுகிறது. தூரம் ஏறத்தாழ 8,200 கிலோமீட்டர், போகும்போது பத்தரை முதல் பதினொரு மணி நேரம். திரும்பும்போது மேல்காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கொஞ்சம் குறையும். சென்னையில் ஏறுவது பெரும்பாலும் விடியற்காலையில். இதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். டிக்கெட்டில் 15ஆம் தேதி காலை 5 மணி என்று இருந்தால், வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி ராத்திரி. 15ஆம் தேதி இரவு பெட்டியோடு வந்து நின்ற ஒரு குடும்பத்தை நான் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அந்த அகால நேரத்தில் மெட்ரோவும் ஓடாது என்பதால் நிலையத்துக்கு வர டாக்ஸியை முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

நான்-ஸ்டாப்பின் பெரிய பலம் நேரம் மிச்சமாவது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு வேறு விஷயங்களைச் சொல்வேன். ஒன்று, கைக்குழந்தை. தொட்டில் மாட்டும் முன்வரிசை இருக்கை கிடைத்து, குழந்தையும் தூங்கிவிட்டால், அதை எழுப்பி, வண்டியை மடக்கி, ஸ்கேனரில் போட்டு, மறுபடி தூங்கவைக்கும் வேலை இல்லை. இரண்டாவதை யாரும் கவனிப்பதில்லை: இழப்பீட்டுச் சட்டம். பிரிட்டனிலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானமும் யுகே 261 என்ற சட்டத்துக்குள் வரும். ஆனால் வெளிநாட்டிலிருந்து பிரிட்டனுக்கு வரும்போது, ஓட்டுவது பிரிட்டிஷ் அல்லது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தும். அதாவது சென்னையில் ஏறும் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பயணி, நிறுவனத்தின் தவறால் நான்கு மணி நேரத்துக்குமேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 520 பவுண்டு கேட்கலாம். அதே நாளில் வளைகுடா வழியாக அந்த ஊர் நிறுவனத்தில் வருபவருக்கு அந்த உரிமை இல்லை. திரும்பிப் போகும்போது இருவருக்கும் உண்டு. புயல், வான்வெளி மூடல் மாதிரி நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு யாருக்கும் கிடைக்காது. ஆனால் சாப்பாடும் தங்கும் இடமும் கொடுத்தாக வேண்டும்.

பலவீனமும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாதையில் அந்த ஒரு விமானத்தை நம்பித்தான் இருக்கிறோம். அது ரத்தானால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள்தான். எல்லாரும் மறுநாள் விமானத்தில் இடம் கேட்டு ஒரே கவுன்ட்டரில் முண்டுவார்கள்.

வளைகுடா வழி இதற்கு நேர்மாறு. துபாய், தோஹா, அபுதாபி மூன்றுமே சென்னையிலிருந்து சுமார் நான்கரை மணி நேரம். அங்கிருந்து லண்டன் ஏழு, ஏழரை மணி நேரம். பறக்கும் நேரம் மட்டும் சுமார் பன்னிரண்டு மணி நேரம். நடுவில் காத்திருப்பது இரண்டு மணியா, எட்டு மணியா என்பதில்தான் டிக்கெட் விலையின் ரகசியம். மலிவாக ஒன்று கண்ணில் பட்டால் முதலில் அந்தக் காத்திருப்பு நேரத்தைப் பாருங்கள். இந்த வழிக்கு ஒரு நிஜமான சாதகம், ஹீத்ரோவுக்கு ஒரே நாளில் பல விமானங்கள் இருப்பது. இணைப்பு தவறினால் சில மணி நேரத்தில் அடுத்ததில் ஏற்றிவிடுவார்கள். பெட்டி எடையும் பல சமயம் தாராளமாகவே கிடைக்கும். படிக்கப் போகும் பிள்ளைகள் பிரஷர் குக்கர், போர்வை, ஒரு வருஷத்துப் பொடி வகையறா என்று கொண்டுபோக வேண்டியிருக்கும். அவர்களுக்கு இதுவே சரி. எந்த நிறுவனமானாலும் ஒரே பெட்டியில் 32 கிலோவைத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் மறக்காதீர்கள். தூக்கிப் போடும் ஊழியர்களின் முதுகுக்காக வைத்திருக்கும் வரம்பு அது.

அப்பா, அம்மா இரண்டாம் முறை வந்தது இந்த வழியில்தான். அம்மாவுக்கு முட்டி வலி என்று சக்கர நாற்காலி கேட்டிருந்தேன். மாறும் நிலையத்தில் ஒருவர் அம்மாவைத் தள்ளிக்கொண்டு போய், நாற்காலிகள் வரிசையாக நிற்கும் ஒரு மூலையில் நிறுத்தி, கையைக் காட்டி "வெயிட்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் ஆகியும் யாரும் வரவில்லை. அப்பா தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போனார். திரும்பி வந்தால் அம்மா இல்லை. பேட்டரி வண்டியில் நாலு பேரோடு ஏற்றிக் கேட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அப்பாவின் பாஸ்போர்ட், போர்டிங் பாஸ் எல்லாம் அம்மாவின் கைப்பையில். எந்தக் கேட் என்று கேட்பதற்குக்கூட அப்பாவிடம் ஒரு துண்டுச் சீட்டு இல்லை. தரை துடைத்துக்கொண்டிருந்த தென்காசிப் பக்கத்துத் தம்பி ஒருவர் "எங்கய்யா போகணும், லண்டனா?" என்று கேட்டு, பலகையைப் பார்த்து, கூடவே நடந்து கொண்டுபோய் விட்டிருக்கிறார். அந்தத் தம்பிக்குக் கொடுக்கக்கூட அப்பாவிடம் எதுவும் இல்லை. கேட்டில் அம்மா கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, தண்ணி கொண்டாந்தீங்களா?"

இதிலிருந்து கிடைத்த பாடம் சின்னதுதான். எத்தனை பேர் சேர்ந்து போனாலும் அவரவர் பாஸ்போர்ட்டும் போர்டிங் பாஸும் அவரவர் கழுத்துப் பையில். ஒரு தாளில் பெரிய எழுத்தில் விமான எண், போகும் ஊர், நம்முடைய போன் நம்பர் எழுதி அதே பையில். நடக்க முடிந்தவராக இருந்தாலும் துணைக்கு வருபவரின் பெயரையும் உதவிக் கோரிக்கையில் சேர்க்கச் சொல்லுங்கள். ஹீத்ரோவில் இந்த உதவி நிலையத்தின் பொறுப்பு, கட்டணம் கிடையாது. 48 மணி நேரத்துக்கு முன்னால் விமான நிறுவனத்திடம் சொல்லிவிட்டால் போதும்.

வளைகுடா வழி போகிறவர்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு. அமீரகத்தில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். நம் வீட்டில் குருமாவுக்கு அரைப்பது அங்கே போதைப்பொருள் பட்டியலில் இருக்கிறது. பொடி டப்பாக்களில் அது கலந்திருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள். துபாய் நிறுவனமான எமிரேட்ஸில் 2025 அக்டோபர் 1 முதல் பவர் பேங்க்கை விமானத்துக்குள்ளே உபயோகிக்க முடியாது. கைப்பையில் ஒன்று வைத்திருக்கலாம், அவ்வளவுதான். அப்புறம் வான்வெளி. 2025 ஜூன் 23 மாலை கத்தார் தன் வான்வெளியை மூடியபோது, தோஹா வழியாக டிக்கெட் வைத்திருந்த எத்தனையோ பேர் பாதி வழியில் வேறெங்கோ இறக்கப்பட்டார்கள். நான்-ஸ்டாப்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அதே வருஷம் மார்ச் 21 அன்று பக்கத்துத் துணைமின் நிலையத்தில் பிடித்த தீயால் ஹீத்ரோவே கிட்டத்தட்ட நாள் முழுக்க மூடிக் கிடந்தது.

டெல்லி, மும்பை வழி ஏர் இந்தியா. போகும்போது பரவாயில்லை. சென்னையில் உள்நாட்டு விமானம், டெல்லியில் இமிகிரேஷன், ஹீத்ரோவில் டெர்மினல் 2. திரும்பும்போதுதான் நோகும். வெளிநாட்டிலிருந்து வருபவர் பொதுவாக இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே இமிகிரேஷன் முடித்து, பெட்டியைப் பெல்ட்டிலிருந்து எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடி போட வேண்டும். ராத்திரி தூங்காத கண்ணோடு டெல்லியில் இரண்டு வண்டிப் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போன அனுபவத்தில் சொல்கிறேன், அந்த இணைப்புக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய நிறுவனங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் விமானங்கள் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. டிக்கெட் எடுக்கும்போது பறக்கும் நேரத்தையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவர்கள் சென்னையை ஏன் யோசிக்கிறார்கள் என்றே எனக்குப் புரிவதில்லை. பெங்களூரிலிருந்து ஹீத்ரோவுக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸும் போகிறது, 2024 மார்ச் முதல் வர்ஜின் அட்லான்டிக்கும் போகிறது. போட்டி இருக்கும் இடத்தில் விலை கொஞ்சம் இறங்கும். ஒரு தொல்லை, அந்த விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூரிலிருந்து போனால் ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். மாலை நேர நெரிசலில் மாட்டினால் சென்னைக்கே போயிருக்கலாம் என்று தோன்றும்.

இனி எங்கள் வீட்டு விடை. திருச்சியிலிருந்து கொழும்புக்கு ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் பறக்கிறது, ஒரு மணி நேரப் பயணம். கொழும்பிலிருந்து அதே நிறுவனம் ஹீத்ரோவுக்கு நிற்காமல் போகிறது, சுமார் பதினொரு மணி நேரம். இரண்டும் ஒரே டிக்கெட்டில் கிடைக்கும். பெட்டியைத் திருச்சியில் போட்டால் லண்டனில் எடுத்துக்கொள்ளலாம். வரைபடத்தில் பார்த்தால் அபத்தம்தான், மேற்கே போக வேண்டியவர் முதலில் தெற்கே போகிறார். ஆனால் உறையூர் வீட்டிலிருந்து திருச்சி விமான நிலையம் அரை மணி நேரம். சென்னைக்கு 330 கிலோமீட்டர் கார் சவாரி இல்லை, ராத்திரி முழுக்கக் காத்திருப்பும் இல்லை. இன்னொரு சௌகரியத்தை நான் முன்பு யோசிக்கவே இல்லை. கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையத்துப் பலகைகளில் சிங்களம், ஆங்கிலத்தோடு தமிழும் இருக்கிறது. 'வெளியேறும் வழி'யையும் 'இடைமாறும் பயணிகள்' பகுதியையும் அம்மா தானே படித்து நடந்தார். அப்பாவைப் பின்னால் வரச் சொன்னார்.

குறை இல்லாமல் இல்லை. இந்தத் தடத்தில் மாற்று விமானங்கள் குறைவு. கொழும்பில் காத்திருப்பு சில நாட்களில் இரண்டு மூன்று மணி, சில நாட்களில் அரை நாள். தேதியை ஒரு நாள் முன்பின் நகர்த்திப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மதுரைக்காரர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

எந்த வழியானாலும் ஒரே ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரி: முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருக்க வேண்டும். சென்னை–மும்பை தனியாக, மும்பை–லண்டன் தனியாக என்று வாங்கினால் சில ஆயிரங்கள் மிச்சமாகும். முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாம் நிறுவனம் உங்களை 'வராதவர்' என்று குறித்துவிடும். பணமும் போகும். ஒரே எண்ணில் இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவது அவர்கள் கடமை. ஐரோப்பிய நகரம் எதன் வழியாகவாவது மலிவாகக் கிடைத்தால், அந்த நாட்டின் இடைமாறும் விசா விதியை அந்த நாட்டுத் தூதரகத் தளத்திலேயே பாருங்கள். பிரிட்டன் விசா கையில் இருக்கிறதே, போதாதா என்று நினைத்து வந்து செக்-இன் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய (பிரெக்சிட்) பிறகு அந்த விசா அங்கே தானாகச் செல்லுபடியாவதில்லை.

ஹீத்ரோவைப் பற்றிக் கொஞ்சம். டெர்மினல் 1 2015லேயே மூடப்பட்டது, இப்போது இருப்பவை 2, 3, 4, 5. பிரிட்டிஷ் ஏர்வேஸின் வீடு 5. எமிரேட்ஸ் 3, கத்தார் ஏர்வேஸும் அபுதாபியின் எதிஹாதும் 4. கூப்பிட வருபவர் தவறான டெர்மினலில் நின்றால் பக்கத்தில்தானே என்று நடந்து வர முடியாது. 2க்கும் 3க்கும் நடுவில் மட்டும் நடக்கலாம், மற்றவற்றுக்கு ரயில்தான். டெர்மினல்களுக்கு இடையே ரயில் இலவசம். காரில் கூப்பிட வருபவர் புறப்பாட்டு வாசலில் நிறுத்தி ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம். அது இறக்கிவிட மட்டும், அதற்கும் கட்டணம். ஏற்றிக்கொள்ளக் குறுகிய நேரப் பார்க்கிங்கில்தான் நிறுத்த வேண்டும்.

இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தானியங்கி இ-கேட் கிடையாது, அதிகாரி இருக்கும் வரிசைதான். யார் வீட்டில் தங்குகிறீர்கள், எத்தனை நாள், திரும்பும் டிக்கெட் எங்கே என்று கேட்பார்கள். முகவரியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீரும் நேரம் சரியாக அதுதான். இ-விசா (பாஸ்போர்ட்டில் ஒட்டாமல் இணையக் கணக்கில் இருக்கும் விசா) வைத்திருப்பவர்கள் நடுவில் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால், புது எண்ணை விசா கணக்கில் சேர்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

சாப்பாட்டுப் பெட்டி விஷயத்தில் நம்மவர்களுக்கு மனசு கேட்காது. இந்தியாவிலிருந்து பிரிட்டனுக்கு இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய், பால்கோவா, திரட்டுப்பால் எல்லாம் இதில் அடக்கம். பச்சைக் காய், பழங்களுக்குத் தாவர நலச் சான்றிதழ் வேண்டும், வாழைப்பழம், தேங்காய் மாதிரி சிலவற்றுக்கு விலக்கு. தேங்காய்க்கு விலக்கு என்றதும் கொப்பரையைத் திணிக்காதீர்கள். அது தானாகத் தீப்பிடிக்கக்கூடிய சரக்கு என்று நம் ஊர் விமான நிலையத்திலேயே எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஊறுகாய் கைப்பையில் வேண்டாம். முறுக்கு, பொடி, வற்றல் தாராளமாகப் போகும்.

ஊருக்குள் போக, வேகம் ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் ரயில். லண்டனின் பேடிங்டன் ரயில் நிலையத்துக்குப் பதினைந்து நிமிஷம், ஆனால் விலை கடிக்கும். மலிவு பிக்கடில்லி லைன் என்ற சுரங்க ரயில். மத்திய லண்டனுக்கு ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், பெட்டியோடு நிற்க இடம் குறைவு. 2022இல் திறந்த எலிசபெத் லைன்தான் என் தேர்வு. பெட்டி வைக்க இடம் உண்டு. ஈஸ்ட் ஹாம் பக்கம் போகும் நம் ஆட்கள் ஒயிட்சாப்பலில் இறங்கி டிஸ்ட்ரிக்ட் லைன் மாறினால் போதும். தனி டிக்கெட் வேண்டாம், வங்கி அட்டையை வாசலில் தட்டிவிட்டு நடக்கலாம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இந்த வருஷம் எங்கள் வீட்டில் மூன்று டிக்கெட். வேளச்சேரியில் இருக்கும் தங்கை, எட்டு மாதக் குழந்தையோடு, யோசனையே இல்லாமல் நான்-ஸ்டாப். மாஸ்டர்ஸ் படிக்க வரும் சித்தப்பா பையன், இரண்டு பெரிய பெட்டிகளோடு வளைகுடா வழி, காத்திருப்பு மூன்று மணி. அப்பாவும் அம்மாவும் கொழும்பு வழி. போன வாரம் டிக்கெட்டை அனுப்பியதும் அப்பா போன் செய்தார். "ஏம்மா, இந்தத் தடவை பாஸ்போர்ட் என் சட்டைப் பையிலயே இருக்கட்டும், உங்கம்மாகிட்ட சொல்லிடு."